இன்னைக்கு எவ்ளோ

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு அடக்கமே கிடையாது. பிணத்துக்கு மாலை போடும்போதே சட்டைப்பையில் செல்போன் பாடுகிறது. அதை எடுத்து, "ஒரு எழவுல இருக்கறன், அப்பறம் பேசறன்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறான். அப்படிக் கத்தியவனை முறைத்துக்கொண்டே, மகனின் காலடியில் குவிந்த மாலைகளை எடுத்து ஓரமாகப் போட்டார் மாதப்பன்.

மூக்கண்டப்பள்ளியில் ஆறு குடித்தனம் வரிசையாக ஒட்டியிருந்த லைன் வீடு. வாசலில் பந்தல், அதன் கீழே ஐஸ் பெட்டிக்குள் விஜயகுமார். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, தாய் வீட்டுக்குப் போயிருந்த பெண்டாட்டியைக் கூட்டிவரக் குருபரப்பள்ளிக்குப் பைக்கில் கிளம்பினவன். ரோட்டோரம் நின்ற லாரியின் பின்னால் போய் இடித்துவிட்டான். தூங்கியிருப்பான் என்றார்கள். அத்தனை பெரிய லாரி கண்ணுக்குத் தெரியாதா என்று மாதப்பன் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பந்தல் காலில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. அவனுடைய நல்ல போட்டோ என்று கிடைத்தது ஒன்றுதான். அதில் மண்டையோடு போட்ட கறுப்பு பனியன் போட்டிருந்தான். ஸ்டுடியோக்காரன் அதன்மேல் நீலச் சட்டையும் டையும் மாட்டிவிட்டான். தோள்வரை தொங்கிய முடியை மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆபீசர் வருவார், சட்டை இருக்கட்டும் என்று சொன்னது மாதப்பன்தான்.

அந்த ஆபீசர் கம்பெனியின் எச்.ஆர். அவரிடம் கொடுக்க ஒரு கவர் மாதப்பனின் சட்டைப்பையில் இருந்தது. மருமகள் அருணாவுக்கு அதே கம்பெனியில் வேலை கேட்டு யாரையோ பிடித்து எழுதி வாங்கிய மனு. அவள் பிளஸ் டூ படித்தவள், இடுப்பில் ஒரு குழந்தை. ஆபீசர் மனசு வைத்தால் வேலை உண்டு. அவர் வந்து போகிறவரை ஒரு வம்பும் வரக்கூடாது.

வம்பு ஒரு ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. முனிவேல். மகனோடு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அழுத்தி அடிக்கிற மெஷினில் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் பெங்களூருக்குப் பஸ் ஏறிப் போய், அங்கே இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து பாட்டு என்று கத்திவிட்டு வருவார்கள்.

"பெரியப்பா, தூக்கறதுக்கு முன்னாடி அவன் பாட்டு ஒண்ணு போடணும்."

"மேளக்காரங்க வந்திருக்காங்க இல்ல, அது போதும்."

"அது வேற, இது வேற."

அந்த 'வேற'யைத்தான் மாதப்பன் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இதுக்கு மெட்டல்னு பேருப்பா என்று மகன் முதலில் சொன்னபோது, "எட்டு மணி நேரம் அந்த எழவத்தானடா கேக்கற, ஊட்டுக்கு வந்தும் அதேவா?" என்றார். அவன் சிரித்தான்.

"என்னா சொல்றன்னே வெளங்கலியேடா. நிதானமாப் பாடினா என்னா?"

"நிதானமாப் பாடினா ஆடிட்டுப் போயிடுவாங்கப்பா. கத்தினாத்தான் என்னாடா இதுன்னு ஒருத்தனாவது கேப்பான்."

"இதுவரைக்கும் எவன் கேட்டான்?"

"கேப்பான்."

மாதப்பன் இப்போது முனிவேலிடம் கேட்டார். "அப்பிடி என்னாதான்டா சொல்றான் அதுல?"

முனிவேல் இடது கையை விரித்துக் காட்டினான். இரண்டு விரல் இல்லை. அது போனபின்தான் கிடாரை விட்டுவிட்டு டிரம்முக்கு மாறினான். "எங்க பேருதான் பெரியப்பா. யாருக்கு எத்தினி வெரல் போச்சுன்னு. கை உள்ள இருந்தா பிரஸ் நின்னுடணும், அதுக்குத்தான் சென்சார். அத ஆஃப் பண்ணிட்டு ஓட்டினா உருப்படி கூடுதலா வரும். ஷிப்ட் முடியறப்ப சூப்பர்வைசருங்க வந்து நின்னு, இன்னைக்கு எவ்ளோ, இன்னைக்கு எவ்ளோன்னு கேப்பாங்க. அதான் பாட்டு."

"ஆபீசர் போனப்பறம் போடு. அருணா சோறு துன்ன வேணாமா?"

உள்ளேயிருந்து அருணா எழுந்து வந்தாள். அழுது குரல் கட்டிப்போயிருந்தது. "அவர் எப்ப வருவாரோ மாமா. எடுத்துட்டா இவருக்கு எங்க கேக்கும்? நீங்க போடுங்கண்ணா."

மாதப்பன் வாயைத் திறப்பதற்குள் முனிவேல் பெட்டியைத் தட்டிவிட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் ஆபீசரின் கார் சந்துக்குள் நுழைந்தது. பின்னாலேயே சொர்க்க ரதம் ரிவர்ஸில் வந்து சந்தின் வாயை அடைத்துக்கொண்டது.

முதலில் பிரஸ் விழுகிற மாதிரி நாலு அடி. பிறகு தொண்டையைப் பிடித்து நெரிக்க நெரிக்கக் கத்துகிற குரல். அது மகனின் குரல்தான். விஷயம் தெரிந்துவிட்டதால் இன்றைக்கு மாதப்பனுக்குக் காதில் பிடிபட்டது. முனிவேல், ரெண்டு. ஓர் அடி. நாராயணப்பன், ஒண்ணு. ஓர் அடி. சென்னகிருஷ்ணன், மூணு. சுவரோரம் நின்ற பிரஸ் ஷாப் ஆட்கள் தலையைத் தூக்கவில்லை. நாராயணப்பன் மட்டும் வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஆபீசர் மலர் வளையத்தை வைத்துக் கும்பிட்டார். பாட்டுக்கு மரியாதையாக ஒரு நிமிஷம் நின்றார். அவருடைய ஷூ இரண்டு தடவை தாளம் போட்டதை மாதப்பன் பார்த்தார்.

கவரை நீட்டினார். ஆபீசர் பிரித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தார்.

"பாத்துக்கலாம் பெரியவரே. கவலைப்படாதீங்க. ரொம்ப சாஃப்ட் டைப் அவன். ஆறு வருஷத்துல ஒரு கம்ப்ளெயின்ட் சொன்னதில்ல."

பாட்டு முடிந்திருந்தது.

"என்ன பாட்டு இது?" என்று கேட்டார் ஆபீசர். "சாமி பாட்டா?"

ஆமாங்க என்றால் தீர்ந்தது. கவர் பைக்குள் போய்விட்டது. முனிவேல்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதாங்க கம்ப்ளெயின்ட்டு," என்றார் மாதப்பன். "சென்சார நிறுத்தி வெச்சு ஓட்டினதுல யாராருக்கு எத்தினி வெரல் போச்சுன்னு பேர் பேராப் படிச்சான். அதோ நிக்கறாங்க பாருங்க. நீங்களும் காலத் தட்டிக் கேட்டீங்க."

ஆபீசர் சுவரோரம் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். ரதத்தை எடுத்தால்தான் கார் போகும். பிணத்தை ஏற்றினால்தான் ரதம் போகும். அவருடைய கை சட்டைப்பையின்மேல் போய் நின்றது. கவரை எடுக்கவும் இல்லை, கை இறங்கவும் இல்லை.

"இன்னொருக்கா போடுங்கண்ணா," என்றாள் அருணா.

அந்த நாலு அடி மறுபடி விழுந்தது.

கவர் பையிலிருந்து வெளியே வருகிறதா என்று பார்க்க மாதப்பன் நிற்கவில்லை. ரதத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து வெளியே வந்தார். ஒருத்தன் கேட்டுவிட்டான், சரி. அதற்கும் ஒரு கிழவன் வாயைத் திறந்து, நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் அந்தக் கத்தல் எதற்கு?

முனையில் இருந்த கடையில் மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "பெரியவரே, நாங்க ஆரம்பிச்சுடலாமா?"

"இருங்க. அது முடியட்டும்."

இளவயதுக்காரன் ஒருவன் டீயைக் கீழே வைத்துவிட்டு, அந்த அடியைக் குச்சியால் தன் தொடையில் தட்டிப் பார்த்தான். ஒரு பேருக்கு ஓர் அடி. ஒன்றைத் தவறவிட்டு மறுபடி பிடித்தான்.

"பாட்டாம் பாட்டு," என்று சொல்லிவிட்டு, காலில் செருப்பில்லாமல் மாதப்பன் முகம் கழுவக் குழாயடிப் பக்கம் நடந்தார்.