யானையின் இடது பக்கம்

கண்டியில் பெரஹரா ஊர்வலம் பார்க்கிறவர்கள் யானையைப் பார்ப்பார்கள், நடனக்காரரைப் பார்ப்பார்கள், தீப்பந்தம் சுழற்றுகிறவனைக் கண்டு வாய் பிளப்பார்கள். கண்டிக்கு வெளியே கலகெதரையில் இருந்த நுஹாவுக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு யானையின் ஒரே ஒரு பக்கம். அதுவும் இடது பக்கம். மற்ற யானைகள் பொன்னால் இழைத்த போர்வை போட்டுக்கொண்டு வந்தாலும் அன்றைக்கு அவளுக்கு அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அவளுடைய கணவன் ஷப்ராஸ் கண்டியில் வாகன வயரிங் கடை வைத்திருக்கிறான். காருக்கும் ஓட்டோவுக்கும் வயர் இழுத்த கைக்கு இந்த வருடம்தான் முதன்முதலாக ஒரு யானை கிடைத்தது. யானைக்குப் போர்த்தும் பச்சைத் துணியில் பக்கத்துக்கு இருபத்து நான்கு இழையாகச் சின்னச் சின்ன பல்புகள். எல்லா இழையும் துணியின் கீழ் விளிம்பில் ஓடும் தடித்த வயரில் வந்து சேரும். பெட்டரி யானையின் முதுகில் இருக்கும். மூன்று கிழமையில் வேலை முடிய வேண்டும் என்றார்கள். ஷப்ராஸுக்கு இரண்டு கைதானே. வலது பக்கத்தை அவன் கடையில் வைத்துச் செய்தான், இடது பக்கத்தை நுஹா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்தாள். வயர் முடிச்சில் ஈயத்தை உருக்கி வைக்க அவளுக்குப் பழக்கியது அவன்தான், கலியாணம் முடித்த புதிதில், விளையாட்டாக. இப்போது அவள் கை அவன் கையைவிட நிதானம். அதை அவனே ஒத்துக்கொள்வான், வீட்டுக்குள் மட்டும்.

பெரஹராவின் ஆரம்ப நாட்களில் ஒன்றில் அந்த இடது பக்கம் விட்டுவிட்டு எரிந்ததாம். யானைக்குப் பொறுப்பானவர் வாய் அதிராத, ஆனால் சொன்னதை மாற்றாத மனிதர். எல்லோரும் அவரை மாத்தையா என்பார்கள். இடது பக்கம் யார் செய்தது என்று அவர் கேட்டிருக்கிறார். நான்தான் என்று ஷப்ராஸ் சொல்லியிருக்கிறான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் லைட்டைக் கழற்றிவிட்டுத் துணியை மட்டும் போர்த்துவேன், அடுத்த வருடம் இந்தப் பக்கம் வராதே என்று அவர் முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த ஷப்ராஸ், பக்கத்தைப் பெட்டரியோடு சேர்க்கும் கனெக்டர் லூஸாக இருந்தது, பிழை என்னுடையது என்று நுஹாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவளுக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிழை தன்னுடையது என்றால் தன்னுடையது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் நுஹாவுக்குச் சோறு இறங்காது, அப்படி ஒரு பிறவி. துணியோ கண்டியிலேயே இருந்தது, வீட்டுக்குக் கொண்டுவர விடமாட்டார்கள். அவள் யோசித்துப் பார்த்தாள். கனெக்டரில் பிழை என்றால் பக்கம் முழுவதும் ஒன்றாக அணையும். அவள் வைத்த ஈயத்தில் பிழை என்றால் அந்த ஒரு இழை மட்டும் அணையும். ஆக, கண்ணால் பார்த்தால் போதும். ஷப்ராஸால் அதைப் பார்க்க முடியாது. யானைப்பாகன் இடது பக்கம் நடப்பான், ஊர்வலத்தில் கூடவே நடக்கும் இவனுக்குக் கொடுத்த இடம் வலது பக்கம். டீவிக்காரன்தான் இரண்டு பக்கத்தையும் காட்டுவான்.

நாளை இரவு பெரஹராவை நான் டீவியில் பார்க்கிறேன், காதில் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள், பிழை கண்டால் சொல்கிறேன் என்றாள். ஷப்ராஸும் சரி என்றான்.

பார்க்கிறது என்றால் சும்மா ரிமோட்டைத் தட்டிவிட்டுச் சாய்ந்துகொள்கிற பார்வை இல்லை. முந்திய நாளே அவள் மூன்று வழியையும் சோதித்து வைத்திருந்தாள். தங்கள் வீட்டு அன்டெனாவில் படம் முதலில் வந்தது. அடுத்த வீட்டில் இருக்கும் மச்சானின் டிஷ்ஷில் நான்கு செக்கன் பிந்தியது. ஷப்ராஸின் உம்மாவான மாமியின் போனில் இணையத்தில் பார்த்தால் நாற்பது செக்கன் பிந்தியது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் எண்ணியவளை மாமி ஒரு மாதிரியாகப் பார்த்தார். மச்சான் வீட்டில் இன்றைக்குக் கிரிக்கெட், டிஷ் கிடைக்காது. அன்டெனாவில் பார்ப்பது, அது மக்கர் பண்ணினால் போனில் பார்ப்பது என்று முடிவாயிற்று.

எட்டு மணிக்குக் காற்று எழும்பியது. ஓகஸ்ட் மாதக் காற்றுக்கு அன்டெனா என்றால் தனிப் பகை. படம் புள்ளி விழுந்து ஆடத் தொடங்கியதும் மாமி ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு அன்டெனாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த வயதில் தன்னைத் தூணாக்கிவிட்டாளே என்று முணுமுணுத்தாரே தவிர, கையை எடுக்கவில்லை. மகனின் பெயர் போகிற காரியம் என்று அவருக்கும் தெரியும்.

பச்சைத் துணி யானை திரைக்கு வந்தபோது நுஹா டீவிக்கு ஒரு முழத் தூரத்தில் முழந்தாளிட்டிருந்தாள். வலது பக்கம் ஜகஜ்ஜோதியாக எரிந்தது. கமரா மெல்லச் சுற்றி இடது பக்கம் போயிற்று. அதுவும் எரிந்தது. அவள் மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடியவில்லை, வாலிலிருந்து பத்தாவது இழை ஒரு தடவை சிமிட்டி அணைந்தது. பக்கம் முழுவதும் இல்லை. பத்தாவது மட்டும்.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பத்தாவது இழைக்கு ஈயம் வைத்த அன்று மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, ஈயம் உருக்கும் கருவி சரியாகச் சூடாகவில்லை. ஈயம் மினுங்காமல் மங்கலாக ஆறியது. மங்கலாக ஆறினால் பிடிக்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஒன்றுதானே என்று விட்டுவிட்டாள்.  அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட அது நேரமில்லை.

"வாலிலேந்து பத்தாவது இழை அணைஞ்சு ஈக்குது," என்றாள் தன் போனில் ஷப்ராஸிடம். "அது நான் வச்ச ஈயம்."

"கனெக்டராத்தான் ஈக்கும்."

"கனெக்டர் எண்டா முழுப் பக்கமும் போகோணும். பொய் சொல்லாம அந்தப் பக்கம் போங்க. கீழ் விளிம்பில பத்தாவது முடிச்ச இறுக்கி டேப் சுத்துங்க."

ஊர்வலம் நின்றது. பாகனிடம் ஏதோ கெஞ்சிக் கேட்டுக்கொண்டு ஷப்ராஸ் இடது பக்கம் போனான். அந்த நேரம் பார்த்துத்தான் படம் கட்டம் கட்டமாக உடைந்து நீலமாகிவிட்டது. மாமி கம்பத்தை எந்தப் பக்கம் திருப்பியும் அது மசியவில்லை. நுஹா மாமியின் போனை எடுத்தாள். அதில் பச்சை யானை தெரிந்தது. பத்தாவது இழை இருட்டாகவே இருந்தது.

இறுக்கிவிட்டேன் என்றான் ஷப்ராஸ். துணியைப் புரட்டிக்கொண்டு உள்பக்கத்தைப் பார்த்து நிற்கிறவனுக்கு வெளியே எரிகிறதா என்று தெரியாது. இன்னும் எரியவில்லை, நன்றாக இறுக்குங்கள் என்றாள் அவள். அவன் மறுபடி இறுக்கினான். இன்னும் இல்லை என்றாள். அப்படியானால் அவிழ்த்துவிட்டுப் புதிதாகச் சுற்றுகிறேன் என்றான். ஆனால் கையில் இருந்த டேப் முடிந்துவிட்டதென்றும், சுற்றியதையே அவிழ்க்க வேண்டுமென்றும், முன்னால் மேளம் நகரத் தொடங்கிவிட்டதென்றும் அவன் சொன்னபோதுதான் நுஹாவுக்கு உறைத்தது. மாமியின் போனில் தெரிந்த படத்தில் துணியைப் புரட்டிக்கொண்டு ஒருவரும் நிற்கவில்லை. அங்கே ஷப்ராஸ் இன்னும் வலது பக்கத்திலிருந்து வரவே இல்லை. தானே மணி பார்த்து அளந்து வைத்த நாற்பது செக்கனை மறந்துவிட்டு, நடந்து முடிந்ததைப் பார்த்துக்கொண்டு நடக்கிறதற்குக் கட்டளை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"விடுங்க. தொடாதீங்க," என்றாள். "போன் பிந்திக் காட்டுது. என்ட பிழை. துணிய விட்டுட்டு ஒங்கட பக்கம் போங்க."

"எரியுதா இல்லியா?"

"கொஞ்சம் பொறுங்க."

நாற்பது செக்கன் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவள் கண்டாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். மாமியும் கம்பத்தை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் குந்திக்கொண்டார். போனில் ஷப்ராஸ் குனிந்து ஓடி வந்தான், துணியைப் புரட்டினான். துணி திரும்பக் கீழே விழுந்தபோது பத்தாவது இழை எரிந்துகொண்டிருந்தது. யானை நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் துணி குலுங்கியது, இழை சிமிட்டவில்லை. மூலை திரும்பி மறையும்வரை இருபத்து நாலும் எரிந்தன.

எரிகிறது என்று சொன்னாள்.  மேளச் சத்தத்துக்கிடையில் யாரோ சிங்களத்தில் பேசுவது கேட்டது. மாத்தையாதான். எதற்காக இடம் மாறிப் போனாய், வீதி நடுவில் யாரோடு போன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கனெக்டர் கொஞ்சம் லூஸ், நான் செய்த பிழை என்று ஷப்ராஸ் பழைய பாட்டையே பாடத் தொடங்கினான்.

"போன அவருக்கிட்ட குடுங்க," என்றாள் நுஹா.

"என்னத்துக்கு, நுஹா? நான் சமாளிக்கிறன்."

"நீங்க சமாளிச்சா அது என்ட வேல இல்லாமப் போயிடும். குடுங்க."

மாமி அவள் முழங்கையைத் தொட்டார். வேண்டாம் என்கிறாரா, பேசு என்கிறாரா என்று நுஹா கவனிக்கவில்லை. போன் கை மாறுவது கேட்டது. அவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இடது பக்கம் முழுவதும் தான் செய்தது என்றாள். பத்தாவது இழையில் ஈயம் பிடிக்கவில்லை, அதைத் தெரிந்தும் விட்டுவிட்டேன் என்றாள். இப்போது கட்டியிருப்பது இன்றைக்கு மட்டும்தான் தாங்கும், அந்த ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும் என்றாள்.

 மற்ற இருபத்து மூன்றும் எப்படி என்று மாத்தையா கேட்டார். அவை நன்றாகப் பிடித்திருக்கின்றன, ஒவ்வொன்றும் மினுங்கியது நினைவிருக்கிறது என்று அவள் சொன்னாள். அன்றைக்கு உன் கணவன் தான்தான் செய்தது என்றானே என்று கேட்டார். அவர் சொன்னது அவர் மனசு, நான் சொல்வதுதான் உண்மை என்றாள்.

இன்னும் நான்கு இரவு இருக்கிறது என்று மாத்தையா சொன்னார். நாளைக்கு நாலு மணிக்குத் துணி போர்த்துவோம். அதற்கு முன்னால் செய்த ஆள் வந்து எல்லா முடிச்சையும் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று தன் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும். இனி வேறு யாருடைய வாயாலும் கேட்க மாட்டேன். வர முடியுமா?

யானைக்கு அத்தனை கிட்டத்தில் நுஹா ஒரு நாளும் நின்றதில்லை. அவள் ஷப்ராஸிடம் கேட்கவில்லை, மாமியின் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்று மணிக்கே வந்துவிடுகிறேன் என்றாள்.