கட்டிலுக்கு அடியில் மூச்சு

"அப்பா, கட்டிலுக்கு அடியில யாரோ இருக்காங்க. கொஞ்சம் பாக்குறீங்களா?"

ஆறு வயதில் அவள் தினமும் கேட்ட கேள்வி இது. அப்பா ஒருநாளும் சிரித்ததில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுப்பார். நான்கு மூலைக்கும் வெளிச்சம் அடிப்பார். "பாத்துட்டேன். யாரும் இல்ல. தூங்கு" என்பார். அவளும் தூங்கிவிடுவாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு வாரமாக அதே புகாரை அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "கட்டிலுக்கு அடியில யாரோ இருக்காங்கம்மா. சூடா மூச்சு விடுறாங்க." அவள் குனிந்து பார்க்கவில்லை. கட்டிலோரம் தினமும் தேங்கிய ஈரம்தான் அவள் கண்ணில் பட்டது. துடைத்தாள், திட்டினாள். "நான் இல்லம்மா" என்று அவர் சொல்லச் சொல்ல, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கதவைச் சாத்தினாள். கடைசியில் அவளும் கணவனும் பேசி முடிவெடுத்தார்கள். முதியோர் இல்லத்து வண்டி இன்று நாலு மணிக்கு வரும்.

இதற்கு நடுவே தண்ணீர் மீட்டர் மூன்று மடங்கு ஓடியிருந்தது. கசிவு கண்டுபிடிப்பவருக்கும் இன்று மதியம்தான் நேரம் ஒழிந்தது. சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்க, கையில் நீளமான ஒரு இரும்புக் கம்பியோடு வந்து நின்றார்.

"இத வச்சா கேப்பீங்க? டாக்டருக்கே படிச்சிருக்கலாமே" என்றான் கணவன்.

"டாக்டருக்கென்ன சார், எங்க வலிக்குதுன்னு நோயாளியே சொல்லிடுவான். செவுரு வாயத் தொறக்காது. பல வீட்ல வீட்டுக்காரங்களும் தொறக்க மாட்டாங்க." அவர் அவள் பக்கம் திரும்பினார். "எங்கயாவது ஈரம் தெரியுதாம்மா?"

"இல்ல" என்றாள், தேவைக்கு மீறிய வேகத்தில். பெற்ற அப்பா தரையை நனைக்கிறார் என்று வெளியாளிடம் எப்படிச் சொல்வது? காலையில்தான் அந்த அறைக்குப் பினாயில் போட்டிருந்தாள்.

எல்லாக் குழாயையும் மூடச் சொன்னார். மீட்டருக்குள் சின்னச் சக்கரம் நிற்காமல் சுற்றியது. சமையலறை வால்வை அடைத்தார், சுற்றியது. கழிவறைப் பக்கம் அடைத்தார், அப்போதும் சுற்றியது. கம்பியின் ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து ஒவ்வொரு அடியாக நகர்ந்தார். மணி மூன்றேகால்.

"அந்த ரூம்?"

"அங்க குழாயே இல்லீங்க. அப்பா படுத்திருக்காரு."

கடைசியாகப் பின்கட்டில் இருந்த ஹீட்டரின் வால்வைத் திருகினார். மீட்டர் அருகே நின்ற கணவன் கத்தினான். "நின்னுடுச்சு!"

"அப்போ சுடுதண்ணி லைன்தான். ஹீட்டர் பின்னாடி இருக்கு, குளிக்கிற ரூம் முன்னாடி இருக்கு. நடுவுல பைப் எது வழியா போகுது?"

நடுவில் இருந்தது ஒரே ஒரு அறை. சூடா மூச்சு விடுறாங்க. அந்த வார்த்தை இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது.

வாசலில் ஹாரன் கேட்டது. வண்டி கால்மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது.

"அண்ணா" என்றாள். கம்பிக்காரர் திரும்பினார். "ஈரம் இல்லன்னு பொய் சொல்லிட்டேன். உள்ள வாங்க."

அப்பா கட்டிலில் சுருண்டிருந்தார். காலடியில் கட்டி வைத்த பை. புதிய ஆளைக் கண்டதும் கையைக் கூப்பினார். "நான் இல்ல தம்பி. சத்தியமா நான் நனைக்கல."

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தார். கட்டில் பக்கம் போனவர் சட்டென்று நின்று, ஒரு அடி பின்னால் வந்து, மறுபடி முன்னால் வைத்தார். "தரை சுடுது" என்றார். வால்வைத் திறந்துவிடச் சொல்லி, மண்டியிட்டு, கம்பியைத் தரையில் ஊன்றிக் காதை வைத்தார். வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. யாரும் அசையவில்லை.

"ஐயா சொன்னது சரிதான்" என்றார் நிமிராமலே. "மூச்சேதான். உஸ்ஸுன்னு விடுது. இந்த வீட்லயே நல்ல காது உங்களுக்குத்தான் ஐயா. நல்லவேளை நீங்க இந்தத் தொழிலுக்கு வரல, வந்திருந்தா என் பொழப்புல மண்ணு விழுந்திருக்கும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளாகக் காணாத சிரிப்பு.

கணவன் வாசலுக்குப் போனான். வண்டி வெறுமையாகத் திரும்பும் சத்தம் கேட்டது. அதன் பிறகும் வெகுநேரம் அவன் கேட்டருகிலேயே நின்றிருந்தான். உள்ளே வந்ததும் பையை அவிழ்த்துத் துணிகளை அலமாரியில் அவனே அடுக்கினான்.

வால்வை மறுபடி அடைத்து, கட்டிலை நகர்த்தி, ஒரே ஒரு டைல்ஸைத்தான் உடைத்தார்கள். அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை. இத்தனை சிறிய துளையை வைத்து ஒரு மனிதரை வீட்டைவிட்டே அனுப்பப் பார்த்தோமே என்று அவள் கண்ணை மூடினாள். கடவுளிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. அவரோ மன்னிப்பைக் கேட்கும் முன்பே கொடுத்துவிடுகிறவர். எத்தனையோ முறை ஒரு கூலிக்காரரின் கையில் கொடுத்தனுப்புகிறார்.

சாயங்காலம் சிமெண்ட் பூசி முடித்துக் கம்பிக்காரர் போய்விட்டார். கணவன் உடைசல்களைக் கொட்டப் போயிருந்தான். கட்டில் பழைய இடத்துக்கு வந்திருந்தது. அப்பா வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் டார்ச்சை எடுத்து வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு மூலை, இரண்டாவது மூலை, மூன்று, நான்கு. அவசரமே இல்லாமல் வெளிச்சம் அடித்தாள்.

"பாத்துட்டேன்பா" என்றாள் மெல்ல. "யாரும் இல்ல. தூங்குங்க."