வரிசையாக் கேளுங்க சார்

1

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ளலாம். போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாலும் கோபமில்லை. உங்களுக்கு ஒரு கதை சொல்வதாக வாக்குக் கொடுக்கிறேன்; முழுக்கதை என்று கொடுக்கவில்லை. ஏன் என்பதை இப்போதே ஒத்துக்கொள்வதுதான் மரியாதை.

இந்தக் கதை அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் என் மடியில் வந்து விழுந்தது. நிஜமாகவே விழுந்தது. பக்கத்து சீட்டுப் பெண்ணின் பை அறுந்து, மரக்கட்டைகள், படம் போட்ட அட்டைகள், ஒரு பிளாஸ்டிக் மாம்பழம் எல்லாம் என் சேலையில் கொட்டின. பொறுக்கிக் கொடுத்தேன். மாம்பழத்தை மட்டும் உடனே கொடுக்க மனம் வரவில்லை.

அவர் பெயர் தங்கச்செல்வி. சிறப்பு டீச்சர். வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓட முடியாத பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவர். பதினான்கு பள்ளிக்கூடங்களுக்கும் அவர் ஒருத்திதான். ஸ்கூட்டி ரிப்பேர், அதனால் அன்று பஸ். அவர் இறங்குமிடம் வரும்வரை சொன்னது எவ்வளவோ அவ்வளவுதான் இந்தக் கதை.

2

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன். அடித்ததை மறைக்காமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

“மழை பொய்த்து மண் வெடித்துக் கிடந்த ஒரு கோடையில், நாகஜோதி என்னும் ஏழைத் தாய்—”

வேண்டாம். எங்கள் பக்கத்தைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் மண்ணை வெடிக்கவைத்துவிட்டுத்தான் ஆளைக் கொண்டுவருகிறார்கள். மூன்று ஏக்கர் பருத்தி போட்டிருக்கும் நாகஜோதியை ஏழை என்றால் சண்டைக்கு வருவாள்.

“காளீஸ்வரி ஒரு தெய்வக் குழந்தை—”

இதுவும் வேண்டாம். காளீஸ்வரிக்கு எட்டு வயது. பக்கத்துப் பிள்ளையின் ரப்பரை எடுத்து உட்கார்ந்த இடத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையோடு சேர்ந்து தேடுவாள்.

“சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு ஒதுக்கப்படும் நிதியானது—”

கொட்டாவி விட்டீர்கள், பார்த்தேன். ஆனால் இந்த மூன்றாவது வரியில்தான் கதையின் வயிறு இருக்கிறது. ஆகவே அதையே வீட்டுப் பேச்சில் சொல்லிவிடுகிறேன்.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே நாகஜோதிக்கும் மருதுபாண்டிக்கும் ஒரே மகள் காளீஸ்வரி, மூன்றாம் வகுப்பு. எதையும் புரிந்துகொள்ள மற்றப் பிள்ளைகளைவிட அவளுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். ஐந்து வயதில் ஒரு டாக்டர் பார்த்து, குறைபாடு ஐம்பத்தைந்து சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்தார். அந்தத் தாள் இருப்பதால்தான் செவ்வாய்க்கிழமைதோறும் தங்கச்செல்வி அந்தப் பள்ளிக்கு வருகிறார். அங்கே அப்படித் தாள் வைத்திருக்கும் பிள்ளை அவள் ஒருத்திதான். தாளுக்கு ஆயுள் மூன்று வருஷம். அது முடிந்துவிட்டது. மறுபடி டாக்டர் பார்த்துச் சதவீதம் எழுதும் முகாமுக்குக் கூட்டிப்போக வேண்டும். இந்தத் தடவை நாற்பதுக்குக் கீழே எழுதிவிட்டால் பட்டியலிலிருந்து அவள் பெயர் போய்விடும். டீச்சரின் ஸ்கூட்டி அந்த ஊருக்குப் பிரியும் விலக்கில் திரும்பாமல் நேராகப் போகும்.*

* ஏன் நாற்பது என்று கேட்டேன். “எங்கயாச்சும் ஒரு கோடு போடணும்லம்மா. போட்டவுக போட்டுட்டுப் போயிட்டாக. அது மேல நிக்கிறது நானும் பிள்ளைகளும்” என்றார் தங்கச்செல்வி.

3

இப்போது தப்பு வருகிறது. எங்கள் பக்கத்து ஆட்கள் ஆசையாகச் செய்யும் தப்பு.

பிள்ளையை எந்தப் பெரிய மனுஷர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதாக இருந்தாலும், தலைக்கு ஊற்றி, பவுடர் போட்டு, “பேரு கேட்டா பளிச்சின்னு சொல்லணும்” என்று பழக்கித்தான் கூட்டிப்போவோம். ஊசி போட வந்த நர்ஸம்மா முன்னால்கூட எங்கள் பிள்ளைகள் ஒரு பாட்டைப் பாடி முடித்துவிட்டுத்தான் அழும்.

தங்கச்செல்விக்கு இது தெரியும். அதனால் முன்னாலேயே சொன்னார்:

“அக்கா, முகாமுக்குன்னு ஒண்ணும் சொல்லிக்குடுக்காதீக. அவ எப்பிடி இருக்காளோ அப்பிடியே கூட்டிட்டு வாங்க.”

“அதெப்பிடி டீச்சர் வெறும் வாயோட கூட்டிட்டு வாரது? எம்மகளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிட்டா?”

“அப்பிடி எழுதத்தானக்கா போறோம்.”

டீச்சர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நாகஜோதி நினைத்துக்கொண்டாள். அவள் கணக்கு வேறு. பிள்ளை நன்றாகப் பதில் சொன்னால், படிக்கிற பிள்ளை என்று இன்னும் இரண்டு நாள் கூடுதலாக டீச்சரை அனுப்புவார்கள் என்பது அவள் எண்ணம். எனக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?

பத்து நாள் பழக்கினாள். ஆறு கேள்விகள்: பேர் என்ன, அப்பா பேர் என்ன, எந்த ஊர், எத்தனாவது படிக்கிறாய், மாட்டுக்கு எத்தனை கால், கிளி என்ன நிறம். ஒவ்வொரு பதிலுக்கும் வாயில் ஒரு பொரிகடலை. பத்தாம் நாள், நாகஜோதி கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. மருதுபாண்டி அன்று வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

(இந்த இடத்தில் பக்கத்து வீட்டு ஒச்சம்மாளை உள்ளே விட்டிருக்கிறேன். டீச்சர் சொன்னதில் அவள் கிடையாது. ஒரு கதையில் கெட்ட யோசனை சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்துச் சேர்த்தேன்.

“ஏடி நாகஜோதி, கிறுக்கா உனக்கு? என்ன கேட்டாலும் வாயத் தொறக்காதன்னு சொல்லி வைடி. சதவீதத்த மொத்தமாப் போட்டுக் குடுத்துருவாக.”

“அந்த வாயத் தொறக்க வைக்கத்தான் மதினி மூணு வருசமா அந்த டீச்சர் வேகாத வெயில்ல வருது. நான் மூடுன்னு எப்பிடிச் சொல்ல?”

எழுதிய பிறகு பார்த்தால், கெட்ட யோசனை சொல்ல வந்தவள் நியாயம் பேசுகிற மாதிரியும் இருக்கிறது. அவளை வெளியே அனுப்பப் பார்த்தேன். போகமாட்டேன் என்கிறாள். இருக்கட்டும்.)

4

“தங்கப் பிரேம் கண்ணாடி வழியாக அலட்சியமாகப் பார்த்த டாக்டர்—”

எனக்கு ஒரு கெட்டவர் தேவைப்பட்டார், அதனால் அப்படித் தொடங்கினேன். ஆனால் தங்கச்செல்வி அவரைப் பற்றிச் சொன்னது வேறு. முகாமில் காலையிலிருந்து அறுபது பிள்ளைகளைப் பார்த்திருந்தார். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் ஜன்னலில் இருந்தது. காளீஸ்வரி உள்ளே வந்ததும் எழுந்து நாற்காலியை அவர்தான் இழுத்துப்போட்டார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பிரேமைப் பிடுங்கிக்கொண்டு சும்மா விட்டுவிட்டேன்.

(கட்டை அடுக்குவது, படம் காட்டுவது என்று இந்தப் பரிசோதனை உண்மையில் நீளமானது. நான் சுருக்கியிருக்கிறேன்.)

“பாப்பா, உனக்கு எந்த ஊரு?” என்று ஆரம்பித்தார் டாக்டர்.

“காளீஸ்வரி.”

“நல்ல பேரு. அப்பா பேரு?”

“மருதுபாண்டி.”

நாகஜோதிக்கு முகம் மலர்ந்தது. இரண்டாவது கேள்வியில் வரிசை தானாகவே சரியாகிவிட்டது அல்லவா?

“மாட்டுக்கு எத்தன காலு?”

காளீஸ்வரி தன் ஊர்ப் பெயரைக் கணீரென்று சொன்னாள்.

“கிளி என்ன நிறம்?”

“மூணாப்பு.”

டாக்டர் பேனாவை எடுத்தார். நாகஜோதி எழுந்துவிட்டாள்.

“சார், நீங்க மாத்தி மாத்திக் கேக்கீக. வரிசையாக் கேளுங்க சார். அவளுக்கு அம்புட்டும் தெரியும்.”

கதவோரம் நின்ற தங்கச்செல்வி வேகமாக வந்து அவள் காதில் சொன்னார்: “அக்கா, உக்காருங்க. இப்பிடியே விட்டுருங்க. நல்லாச் சொன்னா நாப்பதுக்குக் கீழ போயிரும். நான் வரமுடியாது. நாஞ்சொன்னது விளையாட்டுக்கில்ல.”

நாகஜோதிக்கு அப்போதுதான் உறைத்தது.

“டீச்சர், வெளிய இருங்க. காதுல ஓதுறதெல்லாம் இங்க கூடாது” என்றார் டாக்டர். தங்கச்செல்வி வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சாத்தும்போது டாக்டர் சொன்னது கேட்டது:

“சரிம்மா. உங்க வரிச எனக்குத் தெரியாது. நீங்களே கேளுங்க. நான் எழுதிக்கிறேன்.”

5

கதவு சாத்திவிட்டது. இனி வருவதெல்லாம் நான் ஜோடித்தது.

முடிவு அ: வரிசையாகக் கேட்கிறாள். ஆறுக்கும் பளிச் பளிச்சென்று பதில். முப்பத்தைந்து என்று எழுதுகிறார். நாகஜோதி நிமிர்ந்து வெளியே வருகிறாள். அடுத்த செவ்வாய்க்கிழமை காளீஸ்வரி வகுப்புக்கு வெளியே வந்து ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து, அப்புறம்

(முடிக்கவில்லை. கை ஓடவில்லை.)

முடிவு ஆ: கிளியிலிருந்து ஆரம்பிக்கிறாள். “கிளி என்ன நிறம்த்தா?” பிள்ளை “காளீஸ்வரி” என்று சொல்லிவிட்டு, பொரிகடலைக்கு வாயைத் திறந்துகொண்டு அம்மாவைப் பார்க்கிறது. ஐம்பத்தைந்து. டீச்சர் வருவார். எல்லோருக்கும் நல்லது. அந்தத் திறந்த வாயை எழுதிய பிறகு எனக்கு அன்று காப்பி இறங்கவில்லை.

முடிவு இ: காளீஸ்வரியே டாக்டரைப் பார்த்து, “உங்க பேரென்ன?” என்று கேட்கிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். அதற்காகத்தான் எழுதினேன், அதற்காகவே அடித்தேன். நம் கைதட்டலுக்காக அந்தப் பிள்ளையை வித்தை காட்டவைக்க வேண்டாம்.

முடிவு ஈ: நாற்பது என்ற அந்தக் கோட்டையே எடுத்துவிடுகிறார்கள். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கைத்தாங்கல் வேண்டுமோ அவ்வளவும் கிடைக்கிறது, தாள் கேட்காமல். இதைத்தான் மளமளவென்று எழுதினேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிறப்பு டீச்சர், வகுப்புக்கு ஒரு துணை ஆள், கூட்டிப்போய்க் கூட்டிவர ஆட்டோ, டாக்டர் சாப்பிட அரைமணி நேரம். மூன்று பக்கம் போய்விட்டது. படித்துப் பார்த்தால் கட்டுக்கதை மாதிரி இருக்கிறது. இதில் பறக்கிற குதிரை ஒன்றுகூட இல்லை. ஓர் ஆட்டோவும் சில டீச்சர்களும்தான். இருந்தும் ஏன் நமக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது என்று நீங்களாவது யோசித்துச் சொல்லுங்கள்.

6

தங்கச்செல்வி கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்.

பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. காளீஸ்வரி எதையோ மென்றுகொண்டே வந்தாள். எந்தப் பதிலுக்குக் கிடைத்தது என்று தெரியவில்லை. நாகஜோதி நேரே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள்.

“கேட்டீகளாக்கா?”

“கேட்டேன்.”

“வரிசையாவா, மாத்தியா?”

“அது எனக்கும் எம்மகளுக்கும் உள்ளது, டீச்சர். தாளு வாரப்போ தெரிஞ்சுக்கிருங்க.”

தாள் இன்னும் வரவில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது. கீழே நின்று ஜன்னல் வழியாகப் பையை வாங்கிக்கொண்டு, “வண்டிய அந்த விலக்குல திருப்பவா வேணாமான்னு ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் யோசிக்கிறேம்மா” என்றார். “திருப்பினீகளா?” என்று நான் கேட்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

7

ஆகவே அந்த அறைக்குள் உங்களைத்தான் அனுப்பவேண்டியிருக்கிறது.

உள்ளே போங்கள். நாற்காலியில் உட்காருங்கள். எதிரே காளீஸ்வரி, கையைக் கட்டிக்கொண்டு. டாக்டர் பேனாவோடு காத்திருக்கிறார், அவசரப்படுத்தவில்லை. ஆறு கேள்விகளும் உங்களுக்குத் தெரியும். நாற்பது என்றால் என்ன என்பதும் இப்போது தெரியும். அவள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதை முதலில் கேட்டாலும் சந்தோஷமாகத்தான் பதில் சொல்வாள். அதுதான் கஷ்டம்.

யோசித்துக் கேளுங்கள். நான் வெளியே இருக்கிறேன், கதவைச் சாத்திவிட்டு. என்ன கேட்டீர்கள் என்று கேட்கமாட்டேன்.

உங்கள் வீட்டில் உலை கொதித்தபடி இருக்கட்டும். வேகமாக ஓடும் பிள்ளையும் நின்று நின்று வரும் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடட்டும். உங்கள் பிள்ளை எத்தனை சதவீதத்தில் பிறந்திருந்தாலும், அதைத் தேடிக்கொண்டு ஒரு டீச்சர் வெயிலில் வண்டியைத் திருப்பி உங்கள் தெருவுக்குள் வரட்டும். வந்தவருக்குக் குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.