தலைக்கு டியூஷன்

டெஸ்ட் என்ற வார்த்தை காதில் விழுந்தால் பிரபாவதிக்கு இருப்புக் கொள்ளாது. யாருக்கு, எதற்கு என்றெல்லாம் கேட்க மாட்டாள். என்றைக்கு, என்ன போர்ஷன் என்றுதான் கேட்பாள். துபாயில் சத்வா பக்கம் கண் டெஸ்டுக்காகக் கண்ணாடிக் கடைக்குப் போனபோது, முன்னால் உட்கார்ந்திருந்தவர் படித்த எழுத்துகளைக் கேட்டு, மகன் ஷ்யாமின் காதில் முன்கூட்டியே ஓதிவிட்டவள் அவள். அந்தக் கதையைச் சொல்லி அவள் புருஷன் ஸ்ரீனிவாசன் எத்தனையோ விருந்துகளில் கைதட்டு வாங்கியிருக்கிறான்.

அவன் மட்டும் என்ன யோக்கியம்? அமெரிக்கன் ஃபுட்பால் அவன் கொண்டுவந்த வினைதான். அமெரிக்கக் காலேஜில் இடம் வேண்டுமானால் விண்ணப்பத்தில் அந்த ஊர் விளையாட்டு இருக்க வேண்டும் என்று ஆபீஸில் யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். துபாயில் ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டான். ஹெல்மெட்டும் தோள் கவசமுமாக ஷ்யாம் நின்ற படம் சேலத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போயிற்று. ஸ்ரீனிவாசனுக்கு ஆட்டம் புரிந்ததா என்றால், கடைசி வரை புரியவில்லை.

சீசன் தொடங்குமுன் கிளப்பின் பிசியோ நஜீஹா பெற்றோரைக் கூப்பிட்டு விதிகளைச் சொன்னாள். கீழக்கரைப் பெண், நிதானமாகப் பேசுவாள். தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் முட்டக் கூடாது. முட்டினால் அந்தப் பையன் வெளியே. தலையில் அடிபட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அங்கேயே ஒரு டெஸ்ட் வைப்பார்கள். சொல்கிற சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும், எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை செய்து மார்க்கைக் குறித்துக்கொள்வோம், அடிபட்ட பிறகு அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றாள். பிரபாவதியின் காதில் மார்க் மட்டும்தான் விழுந்தது.

இன்டர்நெட்டில் அந்த டெஸ்டுக்கு எத்தனை சொற்பட்டியலும் எண் வரிசையும் உண்டோ அத்தனையையும் தேடி எடுத்துவிட்டாள். காரில் சிக்னலுக்கு சிக்னல் கேள்வி. அவன் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கேள்வி. "அம்மா, இட்ஸ் நாட் தட் கைண்ட் ஆஃப் டெஸ்ட்" என்று அவனும் சொல்லிப் பார்த்தான். எந்த டெஸ்டாக இருந்தால் என்ன, படித்துவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவாய் என்றாள். டிசம்பரில் தொடங்கி மூச்சு விடாமல் ஜனவரியில் வந்து நிற்பான். "கரெக்டாம்மா?" என்பான். "கரெக்ட்" என்பாள். அந்த டீமிலேயே முழு மார்க் வாங்கியவன் அவன் ஒருத்தன்தான்.

அல் ஐனில் நடந்த ஆட்டத்தில் எதிர் டீம் பையன் ஒருவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவந்து ஷ்யாமின் ஹெல்மெட்டில் மோதினான். நடுவர் தப்பாட்டம் என்று மஞ்சள் துணியை வீசி அந்தப் பையனை வெளியே அனுப்பினார். ஷ்யாம் தானாகவே எழுந்து நடந்து வந்தான். நஜீஹா அவனை உட்கார வைத்து வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். சொற்கள், எண்கள், மாதங்கள் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தான். அவள் அவன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு மனசு ஒப்பல. ஆனா மார்க் ஒண்ணுகூடக் குறையலையே" என்றாள், பக்கத்தில் வந்து நின்ற பிரபாவதியிடம்.

பிரபாவதிக்குப் பெருமை தாங்கவில்லை. ஷ்யாம் மறுபடி உள்ளே போனான். இரண்டாவது அடி பெரிய அடியே இல்லை. விதிக்கு உட்பட்ட, யாரும் துணி வீசாத, சாதாரண அடி. அதில்தான் விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

தலையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். பல வாரங்கள் கழித்து வீட்டுக்கு வந்தான். அதுவரைக்கும் பிரபாவதி அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. சமைத்தாள், மாத்திரை கொடுத்தாள், துணி மடித்தாள். பார்க்க வந்தவள் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு தேம்பியபோது, அவளுக்குக் கொடுத்த காபி ஆறுகிறதே என்று மட்டும் பிரபாவதிக்குத் தோன்றியது. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. ஷ்யாம் நடந்தான், சிரித்தான். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் மட்டும் அம்மா முகத்தைப் பார்ப்பான். அவள் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுப்பாள். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

இன்றைக்கு டாக்டர் கலீலுர் ரஹ்மானிடம் போனார்கள். சரியாகிவிட்டான் என்று அவர் எழுதிவிட்டால் தெரபி நின்றுவிடும், பள்ளிக்கூடம் போகலாம். பத்தாம் வகுப்பு போர்டு எக்ஸாம் விட்டுப் போகாது என்று வழியெல்லாம் ஸ்ரீனிவாசன் சொல்லிக்கொண்டே வந்தான். தங்கை தன்யா முன் சீட் தனக்குத்தான் என்று அண்ணனோடு சண்டை போட்டு ஜெயித்தாள். இப்போது வெளியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அதே டெஸ்டை வைத்தார். ஷ்யாம் ஒன்றுகூட விடாமல் சொன்னான்.

சீசன் தொடக்கத்தில் எடுத்த அதே மார்க், ரொம்ப நல்ல சேதி என்றார் டாக்டர். தெரபியை நிறுத்திக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தார். ஸ்ரீனிவாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"டாக்டர், அது அவனுக்கு மனப்பாடம்" என்றாள் பிரபாவதி.

சும்மா இரு என்று ஸ்ரீனிவாசன் அவள் கையை அழுத்தினான்.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆட்டத்துக்கு முன்னாடியே. வேற ஏதாவது கேளுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஷ்யாமின் பக்கம் திரும்பினார்.

"ஷ்யாம், இன்னைக்குக் கார்ல உன்கூட யார் யார் வந்தாங்க?"

ஷ்யாம் அம்மாவைப் பார்த்தான். அவள் உதடுகள் தாமாகவே பிரிந்தன. தன்யா என்ற பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டாள். ஒரு டெஸ்டில் மகனுக்கு அவள் உதவாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அவன் காத்திருந்தான். அம்மா ஏன் சொல்லவில்லை என்பது அவனுக்குப் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கினான். அப்புறம் விடை கிடைத்துவிட்டது போல அவன் முகம் தெளிந்தது.

"டிசம்பர், நவம்பர், அக்டோபர்..."

மூச்சு விடாமல் ஜனவரியில் வந்து நின்றான்.

"கரெக்டாம்மா?" என்றான்.

"கரெக்ட்" என்றாள் பிரபாவதி.