க்விரினின் மூன்றாவது பொத்தான்

புர்கிக்குப் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. ஒரு மயிரிழை பிசகினாலும் ஆள் ரொட்டியைக் கடிக்க முடியாமல் திரும்பி வந்து நிற்பார். அவளுக்கு அப்படியொரு கண் இருப்பதால்தான், ஊர்த் துப்பாக்கிச் சங்கத்துக்குப் பலகைப் படம் போட்டுக் கொடுக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. விழுந்து பதினோரு வருடம் ஆகிறது.

சங்கத்தில் யாருக்காவது கல்யாணம் என்றால், பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும் படத்தை வட்டமான மரப்பலகையில் ஒட்டுவார்கள். ஆளுக்கு ஒரே ஒரு குண்டு. நடுவுக்கு மிக அருகில் சுட்டவர் பெயரை எழுதிப் பலகையைச் சங்க மண்டபத்தில் மாட்டுவார்கள். மற்ற ஊர்களில் நடுவில் கறுப்புப் புள்ளி வைப்பதுண்டு. இவர்களுக்கு அது கேவலம். நடு எங்கே என்று கண்ணாலேயே கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் சுட்ட பிறகுதான் தலைவர் பலகையைத் திருப்பி அளப்பார். படம் போடுகிறவளுக்கு நடு முன்பே தெரியும் என்பதால் அவள் சுடக்கூடாது. அந்தப் பதினோரு வருடமும் புர்கி ஓரமாக உட்கார்ந்து காப்பி ஊற்றினாள். பலகையைச் சுட விடாத சங்கத்தில் பயிற்சி மட்டும் எதற்கு என்று வீம்பாக, வீட்டுக் கொட்டகையில் தகர டப்பாக்களைச் சுட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவையாவது எல்லோரையும் போல வரிசையில் நின்று பலகையைச் சுட வேண்டும்.

இந்த முறை கல்யாணம் தலைவர் க்விரினுக்கே. ஐம்பத்தெட்டு வயதில் பூக்கடை அஃப்ராவைப் பிடித்துவிட்டார். படத்தைப் பார்க்க அஃப்ரா புர்கியின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். புர்கி கணினியில் புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்து, கிடைமட்ட நடு, செங்குத்து நடு என்று இரண்டு பொத்தான்களைத் தட்டினாள். படம் கேன்வாஸின், அதாவது திரையிலிருந்த வெற்றுத் தாளின், நடுவில் போய் அமர்ந்தது. பிறகு மேலிருந்து ஒன்று, இடமிருந்து ஒன்று, இரண்டு வழிகாட்டிக் கோடுகளைச் சரியாக ஐம்பது சதவீதத்தில் இறக்கினாள்.

"இந்தச் செவப்புக் கோடு ரெண்டும் என் மூஞ்சில எதுக்குப் போகுது?" என்றாள் அஃப்ரா.

"அதான் நடு. எல்லாரும் அங்கதான் குறி பாப்பாங்க."

"என் தாடையிலயா! இந்தப் பல்லு உன் பட்டறையில செஞ்சது, ஞாபகம் இருக்கட்டும்."

புகைப்படத்தின் நடுவைக் கேன்வாஸின் நடுவில் வைக்கத்தான் மென்பொருளுக்குத் தெரியும். அங்கே யார் முகம் இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. புர்கி கையாலேயே படத்தை நகர்த்தினாள். கோடுகள் படத்தில் அஃப்ரா கையில் ஏந்தியிருந்த நாயின் நெற்றியில் வெட்டிக்கொண்டன.

"நாய் மேல ஒரு குண்டு பட்டாலும் கல்யாணம் நின்னு போகும்," என்றாள் அஃப்ரா.

இன்னும் கொஞ்சம் இழுத்தாள். ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. படத்தைச் சற்றுப் பெரிதாக்கி அதை மூடினாள். க்விரினின் கையில்லாத அரைக்கோட்டில் மூன்றாவது வெள்ளிப் பொத்தான் கோடுகள் வெட்டும் இடத்துக்கு வந்ததும் படம் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"அங்கயே விடு. அந்த வயிறு எத்தன குண்டு வேணாலும் தாங்கும்."

புர்கி சிரித்தாள். சிரித்த வாயோடு, "எனக்கும் சுடணும் அஃப்ரா," என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசை முடிந்ததும் சுடும் மண்டபத்தில் கூட்டம். மதியம் பன்னிரண்டு அடிப்பதற்குள் வெள்ளை சாஸேஜைத் தின்று முடித்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கமாதலால் எல்லோருக்கும் அவசரம். புர்கி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"நடு தெரிஞ்சவ சுட்டா அது என்னம்மா போட்டி?" என்றார் க்விரின்.

"படத்தப் பலகையில ஒட்டுறது என் புருஷன், தலைவரே. அந்த மனுஷன் சுடலாம், நான் சுடக்கூடாதா?"

"என்னை ஏன்டி இழுக்கிற? நான் வெறும் பசை தடவுறவன்," என்றான் வாஸ்டல்.

"க்விரின், நேத்துதான் கல்யாணம் ஆச்சு. இன்னிக்கே என்கிட்ட வாங்கிக் கட்டிக்காத," என்றாள் அஃப்ரா.

க்விரின் மீசையைத் தடவினார். "சரி, கடைசியாச் சுடு. ஆனா போட்டியில சேராது. நடுவுலயே அடிச்சாலும் பலகை உனக்கில்ல."

அது புர்கிக்குச் சுருக்கென்று தைத்தது. விருந்துக்குக் கூப்பிட்டு இலை போடாத கதைதான். ஆனாலும் வரிசையை விட்டு நகரவில்லை.

ஒவ்வொருவராகச் சுட்டார்கள். படத்தின் வானத்தில் ஒரு குண்டு, பின்னால் தெரிந்த ஏரியில் ஒன்று. நாயின் வாலில் ஒன்று பட்டதும் அஃப்ரா போட்ட கூச்சலில் அடுத்த இரண்டு பேர் திடுக்கிட்டுப் பலகையையே தவறவிட்டார்கள். வாஸ்டல் மாப்பிள்ளையின் காதை எடுத்தான். கடைசியில் புர்கி துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். மூச்சைப் பாதி விட்டாள். மூன்றாவது பொத்தான் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது.

"தெரிஞ்சு அடிச்சா யாருதான் அடிக்க மாட்டாங்க?" என்று ஒரு குரல் வந்தது.

க்விரின் பலகையைத் திருப்பி, மூலைமட்டமும் கவராயமும் வைத்து அளந்து, பின்பக்கமிருந்து மெல்லிய துளை போட்டார். துளை முன்னால் வந்த இடத்தைப் பார்த்து மண்டபமே வாயைப் பிளந்தது. பொத்தானிலிருந்து ஒரு கட்டைவிரல் அகலம் தள்ளி, படத்தில் அவர் கையிலிருந்த பீர் கோப்பையின் பிடியில் வந்திருந்தது. அதற்கு மிக அருகில் தபால்காரர் க்ஸாவரின் குண்டு.

"நான் தலைவரோட மூக்கப் பாத்துல்ல அடிச்சேன்," என்றார் க்ஸாவர், வெட்கமில்லாமல்.

எல்லோரும் வாஸ்டலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கண்ணளவுலதான் ஒட்டினேன்," என்றான் அவன். "பலகைய விட்டு நீட்டிக்கிட்டிருந்த தாள அரத்தால தேய்ச்சிட்டேன். அதுக்கு என்ன இப்போ?"

புர்கிக்கு அவனை அங்கேயே கடித்துத் துப்பலாம் போலிருந்தது. மயிரிழை பிசகாமல் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வைத்த நடு! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. க்விரின் மட்டும் சிரிக்கவில்லை. பொத்தானில் இருந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். நூலளவும் பிசகவில்லை.

"நீ இந்தப் பொத்தானத்தான் குறி வெச்சியா?"

"ஆமா. கம்ப்யூட்டர்ல அதான் நடு."

"நடு கெடக்குது. பத்து மீட்டர்லேருந்து பொத்தான்னு நெனச்ச, பொத்தான்லயே அடிச்ச. இங்க வேற எவன் நெனச்ச எடத்துல அடிச்சான்?" அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "லீக்ல நாலு வருஷமா கடைசி எடம். இவள காப்பி ஊத்த வெச்சிருக்கோம்டா, மடப்பசங்களா!"

க்ஸாவர் மெல்லப் பலகையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், பறித்துவிடுவார்களோ என்று.

"வர்ற வெள்ளிக்கிழம பக்கத்து ஊரோட மேட்ச்," என்றார் க்விரின். குரல் இறங்கியிருந்தது. "டீம்ல மொத ஆளா நிக்கிறியாம்மா?"

பதினோரு வருடத்துக்குச் சேர்த்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாளாவது அலைய விட வேண்டும் என்றுதான் புர்கி நினைத்தாள். ஆனால் வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

"எத்தன மணிக்கு?"