ஹ்ரூஷ்கா வீட்டுக் கடல்

வெர்னா ஹ்ரூஷ்காவின் கண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு இருந்தது. பசிபிக் கடலிலும் அதே அளவுதான். மற்ற மனிதர்களின் கண்ணீரில் இதில் கால்வாசிதான் இருக்கும். வீட்டில் பவளம் வளர்ப்பவர்களுக்கான கியர்னி வட்டாரப் பவளத்தொட்டிச் சங்கத்தின் செயலாளர் டுவேன், உப்பு பார்க்கும் குழலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அவள் கன்னத்திலிருந்தே ஒரு சொட்டை அதன் கண்ணாடியில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொன்னது இது. டுவேன் சோள விதை விற்கிறவன். அளவைக் கூட்டிக் குறைத்துச் சொல்கிற ஆள் இல்லை. அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கும் எங்கள் நெப்ராஸ்காவிலிருந்து எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் கடலைப் பார்க்க இரண்டு நாளாவது ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வீட்டில் நல்ல கடல்நீர் கிடைக்கிறது என்றால், எப்படி என்று துருவிக் கேட்கிற பழக்கம் எங்கள் சங்கத்தில் கிடையாது.

அந்த வீட்டில் பவளம் வளர்ந்த கடல்நீர்த் தொட்டி அவளுடையது இல்லை, மகன் டானருடையது. இருபத்திரண்டு வயதில், ஒரு பிப்ரவரி மாதம், நெடுஞ்சாலைப் பனிக்கட்டியில் வண்டி சறுக்கி அவன் போய்விட்டான். ஊரே கொலாச்சி ரொட்டியும் சுட்ட உருளைக்கிழங்கும் கொண்டுவந்து குவித்தது. வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், அவன் அப்பா கார்டன் மட்டும் அழவில்லை. கார்டன் முப்பது வருஷமாக வீடுகளுக்குக் குழாய் வேலை செய்கிறவன். "கார்டன் கண்ணுக்கு வாஷர் நல்லா இறுக்கிப் போட்டிருக்கான்யா" என்று அவனுடைய மச்சினன் சாப்பாட்டு மேஜையில் சொன்னது வெர்னாவின் காதிலும் விழுந்தது. கூட்டம் கலைந்தபின் அவள் புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அவன் உனக்குப் புள்ள இல்லையா?" கார்டன் வண்டிக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

மகனின் அறையை வெகுநாள் யாரும் திறக்கவில்லை. வெர்னா திறந்தபோது தொட்டியில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது, பவளங்கள் வெயிலில் காய்ந்த வடகம்போலச் சுருங்கிக் கிடந்தன. டானர் 'ஷெரிஃப்' என்று பெயர் வைத்திருந்த, ஆறு கோடு போட்ட விரல் நீள மீன் மட்டும் கண்ணாடியோரம் வந்து அவளையே பார்த்தது. அவள் தொட்டிமேல் கவிழ்ந்து அழுதாள். சாயங்காலத்துக்குள் பவளங்கள் எல்லாம் விரிந்துவிட்டன. அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. நிறுத்த வேண்டிய அவசியமும் அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை விட்டுப்போனதில் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான், அதற்குத் தேவையானது அவளிடம் நிறைய இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்து கம்பளம் ஊறியது, தரைப் பலகைகள் உப்பி எழுந்தன.

அப்போதுதான் கார்டன் கொட்டகையைவிட்டு வெளியே வந்தான். அழு என்றும் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. தரையில் ஓட்டை போட்டு, கீழே நிலவறையில் ஒரு சம்ப் கட்ட ஆரம்பித்தான். நீளக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே தடுப்பு வைத்து மூன்று அறை. மேலே வழிகிற தண்ணீர் குழாய் வழியே முதல் அறையில் கட்டிய துணிப்பையில் விழுந்து அழுக்கைக் கழற்றிப் போடும். நடு அறைதான் ரெஃப்யூஜியம். அதில் பச்சைப் பாசியை அடர்த்தியாக வளரவிட்டு ஒரு விளக்கைத் தொங்கவிடுவார்கள். பாசி தண்ணீரின் கெடுதலை உறிஞ்சிக்கொள்ளும், பெரிய வாய்களுக்கு எட்டாமல் பொடி உயிர்கள் அங்கே பெருகும். மூன்றாம் அறையிலிருந்து பம்பு எல்லாவற்றையும் மேலே திருப்பி அனுப்பும். மின்சாரம் போய்ப் பம்பு நின்றால் மேலிருந்து இறங்கும் தண்ணீரைச் சம்ப் தாங்குமா என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தான், தாங்கியது. ஒவ்வொரு இணைப்பையும் ஒட்டும்முன் தடவித் தடவிப் பார்த்தான். மகனைக் குளிப்பாட்டிய காலத்தில்கூட அவன் கை இவ்வளவு மெதுவாகப் போனதில்லை. ஒரே ஒரு தப்புதான் செய்தான், அதுவும் வீட்டுக் குழாய்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. குழாய் வாயில் வலை கட்டினால் முடி சிக்கி அடைக்கும் என்று வாயைத் திறந்தே விட்டுவிட்டான். தண்ணீர் ஓடத் தொடங்கிய அதே வாரம் ஷெரிஃபைக் காணவில்லை.

வெர்னா பாறை பாறையாகத் தேடினாள். அலமாரிக்குப் பின்னால் தேடினாள், கீழே முதல் அறையின் அழுக்குப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். பம்பு அரைத்திருக்கும் என்று சங்கத்தில் எல்லோரும் சொன்னோம். "அவன் ஆசையா வெச்சிருந்த ஒண்ணு. அதையும் தொலைச்சுட்ட" என்றாள் புருஷனிடம். அன்றிலிருந்து அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் பவளங்களின் நுனி வெளுக்கத் தொடங்கியது. டுவேன் வந்து அளந்தான், துடைத்துவிட்டு மறுபடி அளந்தான். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான்.

"வெர்னா, கோச்சுக்காதீங்க. உப்பு முப்பத்தொம்போது ஆயிருச்சு."

"அப்படின்னா?"

"தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது. கொறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். நீங்க உப்புத்தண்ணியாவே ஊத்திக்கிட்டிருக்கீங்க."

"நான் அழறதுதான் இதைக் கொல்லுதுன்னு சொல்றீங்க."

டுவேன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாருங்களேன்" என்றான். சங்கத்துக்காக எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கெட்ட செய்தி சொன்னவன், அன்று வண்டிக்குப் போய் வெகுநேரம் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

நாங்கள் வடித்த தண்ணீர் கேன் கேனாகக் கொண்டுபோய் ஊற்றினோம். அந்தப் பவளங்கள் வேற்றுத் தண்ணீரைத் தொடவில்லை; எங்கள் கேன் காலியாகும்வரை மூடியே கிடந்தன. வெர்னா கொட்டகையில் போய் அழுது பார்த்தாள். கண்ணீர் கதவிடுக்கில் நுழைந்து, சமையலறையைக் கடந்து, படியிறங்கி, சம்பில் போய்ச் சேர்ந்தது. ஆக, அழாமலே இருக்க வேண்டியதாயிற்று. அழாமல் இருக்க வேண்டுமென்றால் அவனை நினைக்காமல் இருக்க வேண்டும். அவள் அவன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள், பூட்ஸைப் பெட்டியில் வைத்து ஒட்டினாள், பெயரை உதட்டிலிருந்து எடுத்தாள். பெற்ற பிள்ளையை அவன் பவளத்துக்காக மறக்கச் சொன்ன கொடுமையை நாங்கள் அந்த வீட்டில்தான் செய்தோம். அப்படியும் சில சொட்டுகள் விழுந்தன, வெளுப்பு நுனியிலிருந்து தண்டுக்கு இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்த சட்டையோடே, கார்டன் நிலவறைக்குப் போய் ரெஃப்யூஜியத்தில் மண்டிக் கிடந்த பாசியைக் கழிக்க உட்கார்ந்தான். இரண்டு கையாலும் ஒரு கொத்தைத் தூக்கினான். அடியில் ஷெரிஃப் நின்றுகொண்டிருந்தது. கொழுத்து, நிறம் ஏறி, கோடுகள் ஆறும் பளிச்சென்று. குழாய் வழியே விழுந்து, அழுக்குப் பையைத் தாண்டித் துள்ளி, பாசிக்குள் ஒளிந்து, அங்கே பெருகிய பொடி உயிர்களைத் தின்று அத்தனை மாதமும் பிழைத்திருக்கிறது. தொட்டிக்காரர்கள் வாழ்க்கையில் இது நடப்பதுதான்.

"செத்துட்டன்னு நெனச்சோமேடா" என்றான் கார்டன். "அவ எங்கெல்லாம் தேடினா தெரியுமா?"

செத்ததாக எல்லோரும் சொன்ன ஒன்று உயிரோடு இருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டான். டானர் மட்டும் எந்த அறையிலும் ஒளிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது. மண்டியிட்டபடி சம்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்து வெர்னா படியில் ஓடி வந்தாள். கணுக்கால் அளவு தண்ணீரில் புருஷன் மண்டியிட்டிருந்தான், கையில் பாசி, பெட்டிக்குள் மீன். அவள் மீனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு அவன் பக்கத்தில் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்தாள். மேலே அறையில் பவளங்கள் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன.

டுவேனுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவன் கார்டனின் தாடையிலிருந்து ஒரு சொட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"பூஜ்யம்" என்றான். "உப்பே இல்ல. மழைத்தண்ணி மாதிரி இருக்கு."

வெர்னா குழலை வாங்கித் தானும் பார்த்தாள். "இத்தன நாளா எங்க வெச்சிருந்த?" என்று கேட்டாள். ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசியது அதுதான்.

"தெரியல, வெர்னா. நான் தேடாம இல்ல."

அவள் மேலே போய்ப் பெட்டியைப் பிரித்து, பூட்ஸை எடுத்துக் கதவருகே வைத்தாள்.

தெறிப்பிலும் நுரையிலும் கழிகிற உப்பை இப்போது அவள் ஈடுகட்டுகிறாள், ஆவியாகிற தண்ணீரை அவன். உப்பு முப்பத்தைந்துக்கு இறங்கியது, அதற்குமேல் அசையவில்லை. துக்கம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை; தொட்டி ஒருநாளும் வற்றியதில்லை. பத்து வருஷத்துக்குமேல் ஆகிறது, நாங்கள் எங்கள் தொட்டிகளுக்கு அங்கேயிருந்துதான் பவளத் துண்டு வெட்டி எடுத்துக்கொள்கிறோம். சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் அந்த வீட்டுக்கு வந்தால், தண்ணீருக்கு என்ன கலக்கிறார்கள் என்று கேட்கத்தான் செய்வார்கள். உப்பு அம்மாவுடையது, நல்ல தண்ணீர் அப்பாவுடையது என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுத் தொட்டியைக் காட்ட அழைத்துக்கொண்டு போய்விடுகிறோம்.