ஏழு ஐந்து என்றால் ஏழு ஐந்துதான்

பேஸ்போல் ஆட்டம் மாலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடங்கும் என்று போட்டிருந்தால், ஏழு ஐந்துக்குத்தான் தொடங்கும். இந்தச் சின்ன விஷயத்தைத் தன் தகப்பன் யோசெப்புக்கு விளங்கப்படுத்த முடியாமல் இரண்டு நாளாக அஜிதா தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

யோசெப்பைக் கேட்டால், அழைப்பிதழில் ஆறு மணி என்றிருந்தால் எட்டு மணிக்குப் போகவேண்டும் என்று அர்த்தம். மொன்றியலில் முப்பது வருடமாகக் கலியாணவீடு, பிள்ளைகளின் முதல்நன்மை விருந்து என்று எல்லாவற்றுக்கும் அப்படியே போய்ப் பழகியவர். நேரத்துக்குப் போனால் கதிரை அடுக்க விட்டுவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். போதாக்குறைக்கு, பேஸ்போலையும் கிரிக்கெட் கணக்கிலேயே வைத்திருந்தார்.

“அவங்கள் நடுச்சாமம்மட்டும் அடிச்சுக்கொண்டுதானே நிப்பாங்கள். ஏன் பிள்ளை பறக்கிறாய்?”

திங்கட்கிழமை அவளுக்கு வான்கூவரில் புது வேலை. அதற்கு முன் மூன்று நாளில் மூன்று ஊர், மூன்று மைதானம்: துருவா-ரிவியேர், கியூபெக், ஒட்டாவா. பெரிய அணிகள் இல்லை. சின்ன லீக், சின்ன மைதானம், பக்கத்திலிருந்து பார்க்கலாம். ஒரு ஆட்டத்தையாவது அப்பாவோடு முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். பன்னிரண்டு வயதில் செயின்ட்-மிஷேல் பூங்காவில் அவள் பந்து வீசிய காலத்தில், செயின்ட்-லோரன்ட் தொழிற்சாலையில் வேலை முடித்து அப்பா வந்து சேரும்போது மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போயிருப்பார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் மட்டும் வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பாள்.

வியாழக்கிழமை துருவா-ரிவியேர். பக்கத்தில் மாதா கோவில் இருக்கும்போது அம்மா மாக்கிரட்டை யார் தடுப்பது? மெழுகுதிரி கொளுத்தி, செபமாலையை முழுதாகச் சொல்லி, மரத்தடியில் புட்டுப் பொதியை அவிழ்த்து ஆறஅமரச் சாப்பிட்டுப் போனபோது எட்டாவது இன்னிங்ஸ். ஒன்பதோடு ஆட்டம் முடிந்தது. “இவ்வளவுதானோ?” என்று யோசெப் ஏமாந்துபோய்க் கேட்டார்.

வெள்ளி கியூபெக். அங்கே அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை நிரஞ்சனி இருந்தாள். எட்டிப்பார்க்காமல் போனால் சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். தேத்தண்ணி என்று தொடங்கியது சோறும் நண்டுக்கறியுமாக முடிந்தது. பழைய நகரத்தின் மதிலைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்ததுதான் ஊர் பார்த்தது. மைதானத்துக்குப் போனபோது சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. அஜிதாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மொன்றியல் திரும்பும் வழியெல்லாம் ஒட்டாவா ஆட்டத்து ரிக்கெற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை பொய் சொன்னாள். “இண்டைக்கு அஞ்சு மணிக்கு ஆட்டம்.” எப்படியும் இரண்டு மணித்தியாலம் பிந்துவார், ஏழு மணிக்குப் போய்ச் சேரலாம் என்பது அவள் கணக்கு.

இரண்டரைக்கே யோசெப் காருக்குள் இருந்து ஹோர்ன் அடித்தார். வழியில் எங்கும் நிற்கவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒட்டாவா மைதானத்தின் வாசலில் நின்றார்கள். கதவு பூட்டிக் கிடந்தது. கார் விடும் இடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

அஜிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்துநாலு வருடத்தில் இந்த மனுசன் நேரத்துக்கு வந்த ஒரே நாள், அவள் பொய் சொன்ன நாள்!

“அப்பா, ஆட்டம் ஏழு அஞ்சுக்குத்தான். நான் பொய் சொன்னனான்.”

“தெரியும். காலமை ரிக்கெற்றில பாத்தனான்.”

“தெரிஞ்சுகொண்டே ஏன் இப்ப வந்தனீங்கள்? ரெண்டு மணித்தியாலம் இதில என்ன செய்யிறது?”

யோசெப் வாசலோரச் சீமெந்துத் திட்டில் போய் இருந்தார். “நீ இருந்தனிதானே, அந்த வாங்கில. ஒருநாளாவது நானும் இருந்து பாக்கிறன்.”

அப்போது அவருடைய போன் அடித்தது. ஒட்டாவாவில் இருக்கும் பழைய கூட்டாளி பேனாட். அம்மாதான் காருக்குள் இருந்தபடி தகவல் கொடுத்திருக்கிறாள்.

“அண்ணை, இவ்வளவு தூரம் வந்திட்டு வீட்டை வராமலோ? பத்து நிமிசம்தான். ஒரு தேத்தண்ணி!”

அஜிதா கண்ணை மூடிக்கொண்டாள். இதுவும் போச்சு.

“இல்லை பேனாட், இண்டைக்கு வரேலாது,” என்றார் யோசெப். “மகளின்ரை மட்ச் இருக்கு.”

போனை நிறுத்திச் சட்டைப்பைக்குள் வைத்தார். அஜிதா பையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.